கோரமண்டலில் ஒரு பாட்டு வழக்கு



பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் செல்லும் ரயிலில் ஏறிச் சற்றே கண்ணயர்ந்தால் கோரமண்டல் நிலையம் கடந்துவிடும். அவ்வளவு சிறிய ஊர் அது. அடுத்து உரிகம், அதன்பின் சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். இவையெல்லாம் சேர்ந்ததே கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே பொன் அகழ்ந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சாரிசாரியாக வந்து சுரங்கத்தில் இறங்கின. 1902லேயே சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெற்ற இடம் இது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை மனிதர் சென்று உழைத்த இடம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்களிற் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர்.

அங்கே பிறந்து, அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர் சென்றவர் நாம். மத்திய அரசின் காகிதங்களைத் தமிழாக்குவது நம் தொழில். 2018ஆம் ஆண்டு மே மாதம் ஒரு திருமணத்தின் பொருட்டுக் கோரமண்டல் சென்றிருந்தபோது, நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஒரு வாக்குவாதத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். வாதத்துக்குப் பொருள் ஒரு சினிமாவின் பாட்டுத் தொகுதி.

பா. இரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த 'காலா' படத்தின் பாடல்கள் அவ்வாண்டு மே 9ஆம் நாள் வெளியாயின. இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். கதை நடப்பதோ பம்பாய்த் தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று குடியேறிய தமிழர்களின் நடுவே. ஆகவே இசையமைப்பாளர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்த 'டோப்அடிலிக்ஸ்' என்னும் இளைஞர் குழுவைப் பாட அழைத்திருந்தார். தாளத்தின் மேல் பேச்சை அடுக்கிக்கொண்டே செல்லும் ராப் என்னும் பாப் இசைவகை அவர்களுடையது. ஹிந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அவர்கள் நாவில் புரள்வன. மலேசியத் தமிழரான யோகி பி என்னும் ராப் பாடகரும் ஒரு பாடலில் சேர்ந்திருந்தார். மொத்தம் ஒன்பது பாடல்கள். பெரும்பாலானவற்றில் இந்தப் புதிய ஓசையே ஓங்கி நின்றது.

படம் வெளிவந்தது ஜூன் 7ஆம் நாள்தான். அதற்குள் காவிரிப் பிரச்சினை குறித்து ரஜினிகாந்த் கூறிய கருத்தையொட்டி, கருநாடகத்தில் படத்தைத் திரையிடலாகாது என அம்மாநிலத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. திரையிடும் அரங்குகளுக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. எனவே நம் ஊரார்க்குப் படம் வருமா, வராதா என்பதே ஐயமாயிருந்தது. பாட்டு மட்டும் வந்துவிட்டது. காட்சியின் துணையின்றிக் காதால் கேட்டே தீர்ப்புக் கூற வேண்டிய நிலை!

நம் சிறிய தந்தையார் முப்பதாண்டு சுரங்கத்தில் உழைத்தவர். அதே முப்பதாண்டும் ரஜினிகாந்தின் ரசிகர். அவர் தம் கட்சியை இவ்வாறு எடுத்துரைத்தார். "'அண்ணாமலை'யில் கேட்டோம், 'பாட்ஷா'வில் கேட்டோம், 'படையப்பா'விலும் கேட்டோம். எஸ். பி. பாலசுப்ரமணியம் குரலெடுத்தால் உடம்பெல்லாம் ஒரு தெம்பு வரும். ஷிப்டு முடிந்து மேலே வந்தவன் அதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். 'கபாலி'யில் அந்தக் குரல் இல்லை, இதிலும் இல்லை. இதை எவன் முணுமுணுக்க முடியும்? சண்டைக்காரன் வேகமாய்ப் பேசுகிற மாதிரி இருக்கிறது. பாதி ஹிந்தி. இது தமிழ்ப் பாட்டா?"

நம் தமையனாரின் மகள் அப்போது பெங்களூரில் கல்லூரி மாணவி. நாள்தோறும் ரயிலில் போய்வருபவள். அவள் விடவில்லை. "தாத்தா, ரயிலில் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று நீங்கள் கேட்டதில்லையா? ஒரு வாக்கியத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாம் வரும். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அந்தத் தாராவிப் பையன்களும் எங்களைப் போலத்தான். வெளியூர்த் தமிழன் பேசுகிறபடியே ஒரு பெரிய படத்தில் பாட வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதுவே சந்தோஷம்."

இவ்விரு கட்சிகளும் நம் திண்ணையோடு நின்றவை அல்ல. அந்த மாதம் தமிழ் ரசிகர் கூடிய இடங்களிலெல்லாம் இவ்வாதமே ஏறக்குறைய இதே வடிவில் நடந்தது. நட்சத்திரத்தைக் கொண்டாடும் பாட்டை எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். தெருவின் குரலை எதிர்பார்த்தவர் மகிழ்ந்தனர். உமாதேவி எழுதி, பிரதீப் குமாரும் தீயும் பாடிய 'கண்ணம்மா' என்னும் பாட்டில் மட்டும் நம் வீட்டின் இரு கட்சியாரும் ஒன்றுபட்டனர்.

படித்தவர் என்ற முறையில் மத்தியஸ்தம் செய்யும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நாம் சிறிய தந்தையாரின் பக்கமே சாய்ந்தோம். "பாட்டென்பது மொழியைச் செம்மைப்படுத்த வேண்டும், தெருவில் கிடப்பதை அள்ளிக் கொட்டுவது கலையாகாது" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டோம். அப்படிப் பேசியதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் சென்னைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் நாம் எழுந்து ஒரு விடை கூறினோம். விடை சரியானது, ஆயினும் வகுப்பு முழுவதும் சிரித்தது. நம் தங்கவயல் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. அன்றே அப்பேச்சைக் கழற்றி எறிந்தோம். நூல் தமிழைத் தேடித்தேடிக் கற்றோம். அதுவே பின்னர் நமக்குச் சோறும் போட்டது.

பிரசங்கம் முடிந்ததும், அதுவரை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நம் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏர் பிளாஸ்ட்டுக்கு உன் ஆபீசில் என்ன எழுதுவாய்?"

ஆழத்தில் அழுத்தம் மிகுந்து பாறை திடீரெனச் சிதறும் விபத்தைத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்பர். "பாறை வெடிப்பு என்று எழுதுவோம்" என்றோம். தாயார் தலையசைத்தார். "உன் மாமன் செத்தபோது பாறை வெடிப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஏர் பிளாஸ்ட் என்று லைன் முழுக்கக் கத்தினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது. நீ எழுதுகிற சொல்லைக் கேட்டால் ஒன்றும் ஆகவில்லை."

நமக்குப் பேச நா எழவில்லை. ஷாப்ட், கேஜ், ஷிப்டு, லைன் ஆகிய சொற்களெல்லாம் எந்த மொழியில் பிறந்தவையாயினும், நம்மவர் அவற்றுக்குள்ளேயே பிறந்து, மணந்து, மாண்டனர். அச்சொற்களைக் கழற்றினால் அவர்தம் துயரமும் கூடவே கழன்றுவிடுகிறது. நாம் கல்லூரியில் கழற்றி எறிந்தது எது என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஊர் திரும்பியபின் தொல்காப்பியத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். செய்யுள் செய்வதற்குரிய சொற்கள் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகை என்கிறது அந்நூல். சுற்றியுள்ள நிலங்களின் வழக்கிலிருந்து வரும் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடமுண்டு என்பதே அதன் கருத்து. செம்மையின் காவலர் என்று நாம் எவரை எண்ணியிருந்தோமோ, அவரே வாயிற்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்!

நம் ஊரின் வரலாறும் அதையே சொல்லுகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் மரபு, அவர் மறைவுக்குப்பின் 1920களில் தங்கவயலிலிருந்து வெளிவந்த 'தமிழன்' இதழில் தொடர்ந்தது. பகலில் கேஜில் இறங்கியவர்கள் மாலையில் நூல் தமிழில் தர்க்கம் செய்தனர். லைன் பேச்சு அதற்குத் தடையாக இருக்கவில்லை. ஒரே நாவில் இரண்டும் வாழ்ந்தன.

வானொலிக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1952ல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவென்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாட்டு அருகிற்று. மக்கள் சினிமாப் பாட்டைக் கைவிட்டனரா? இல்லை. ரேடியோவின் திருகைச் சற்றே திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றியபின்தான் நிலைமை மாறிற்று. நேயரின் செவியை உத்தரவினால் திருத்த இயலாது என்பதே அப்பாடம்.

வெளிநாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1972ல் ஜமைக்காத் தீவில் ஜிம்மி கிளிஃப் என்னும் பாடகர் நடித்துப் பாடிய ஒரு படம் வந்தது. அதன் பேச்சு அத்தீவு மக்களின் கலப்பு ஆங்கிலம். அமெரிக்காவில் அதைத் திரையிட ஆங்கிலத்திலேயே எழுத்து வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் அதன் பாட்டுத் தொகுதியே ரெகே என்னும் இசையை உலகம் அறியச் செய்தவற்றுள் ஒன்றாயிற்று.

இவ்வளவும் சொன்னதால் நம் சிறிய தந்தையாரின் கட்சி தோற்றது என்று கொள்ளலாகாது. அவர் கூறிய குறைகளில் உண்மை உண்டு. சொல் விளங்காத வேகம் குறையே. ஒரு பாட்டு ஊரின் பேச்சைக் கைக்கொண்டுவிட்டால் மட்டும் நல்ல பாட்டாகிவிடாது; முழக்கம் வேறு, பாட்டு வேறு. உழைத்துக் களைத்தவன் முணுமுணுக்க ஒரு மெட்டு வேண்டும் என்பது எளிய ஆசையாயினும் நியாயமான ஆசை. பாட்டு இனிதா, இல்லையா என்று வாதிடுவோம். அது ரசிகரின் உரிமை. "இது தமிழா?" என்று கேட்டு ஒரு ஊராரையே வெளியே நிறுத்துவது மட்டும் நமக்கு உரிமையில்லாத செயல். பாட்டைப் பழித்த அன்று, நம் தமையனார் மகளின் பேச்சையும் சேர்த்தே பழித்துவிட்டோம். அவள் முகம் வாடியதைக் கண்டும் அப்போது காரணம் உணரவில்லை.

மறுநாள் காலை ரயில் நிலையம் வரை அவளோடு நடந்து சென்று அதை ஒப்புக்கொண்டோம். அவள் சிரித்து, "பரவாயில்லை சித்தப்பா, ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்டதைக்கூடப் புத்தகத் தமிழில்தான் சொல்லுகிறீர்கள்" என்றாள்.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். ஊர் செல்லும்போதெல்லாம் தாயாரின் வாயிலிருந்து சுரங்கச் சொற்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம். பொருளும், எந்தச் சமயத்தில் யார் சொல்லுவர் என்பதும் குறிக்கிறோம். நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. தாராவியிலோ, பெங்களூரிலோ, கல்கத்தாவிலோ, டில்லியிலோ வாழும் நேயர்களே! உங்கள் வீட்டிலும் இத்தகைய சொற்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றைச் சொல்லும்போது திருத்துவதற்கு முன், ஒரு முறை எழுதி வையுங்கள்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அதே இயக்குநரின் 'தங்கலான்' வெளியாயிற்று. கதைக்களம் நம் தங்கவயலே, இசை ஜி. வி. பிரகாஷ்குமார். இப்பாட்டுகள் குறித்தும் திண்ணையில் வாதம் எழுந்ததாகத் தமையனார் தொலைபேசியில் தெரிவித்தார். சிறிய தந்தையார் என்ன சொன்னார் என்று ஆவலோடு கேட்டோம். முதற்பாட்டு முடியுமுன்பே பேத்தியின் கைப்பேசியை வாங்கி, 'கண்ணம்மா'வைப் போடச் சொல்லிவிட்டாராம்.