எர்த் வேறு, நியூட்ரல் வேறு

(கீரியில் நடந்த சங்கக் கல்வி முகாமில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்தவர்களும், வன்னியிலும் மன்னாரிலும் குடியேறிய எங்கள் உறவுகளும் இன்று கீரியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பளம் போதாததால்தான் இந்தப் பேச்சே வருகிறது. தோட்டத்துப் பேரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல், இஸ்தோப்பில் தையல் மெஷினுக்கு மோட்டார் பூட்டியிருக்கிறோம். கொல்லையில் வெல்டிங் மெஷின், கிரைண்டர், மரம் அறுக்கும் மெஷின் வைத்திருக்கிறோம். இங்கே கரையில் வள்ளம் திருத்தும் பிள்ளைகளும் அதே கிரைண்டரைத்தான் பிடிக்கிறார்கள். தோட்டத்தில் ஆபத்து வந்தால் கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. வீட்டு மெஷினில் ஆபத்து வந்தால், பத்திரிகையில் 'மின்னொழுக்கு' என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது.

மூன்று வயர்களைத் தெரிந்துகொள்வோம். பாடசாலைப் புத்தகத்தில் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்று படிப்பிக்கிறோம். கடையில் கேட்பது லைவ், நியூட்ரல், எர்த். லைவ் வழியாகக் கரண்ட் மெஷினுக்கு வருகிறது. நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. எர்த்தில் சாதாரணமாகக் கரண்ட் ஓடாது. உள்ளே லைவ் வயரின் உறை தேய்ந்து மெஷினின் இரும்பு உடம்பில் பட்டால், அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும். அதற்காகவே எர்த் இருக்கிறது.

"நியூட்ரலும் டிரான்ஸ்போமரில் மண்ணோடுதானே சேர்கிறது? மெஷின் உடம்பை நியூட்ரலில் கட்டினால் எர்த் செலவு மிச்சம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கட்டியும் விடுகிறார்கள். உயிரைக் குடிக்கும் வேலை இது.

காற்றடித்துத் தூணிலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று வையுங்கள். கடற்காற்றில் அதன் பூட்டு துருப்பிடித்துக் கழன்றாலும் இதே கதைதான். வீட்டில் லைட் எரியாது. கரண்ட் போய்விட்டது என்று நினைப்போம். ஆனால் லைவ் வந்துகொண்டேதான் இருக்கிறது. சுவிட்ச் போட்டபடி இருக்கும் பல்பு வழியாக அது நியூட்ரல் வயருக்குள் இறங்கும். அங்கிருந்து, நியூட்ரலோடு கட்டிய மெஷினின் உடம்புக்கு வரும். இருட்டில் மெஷினை நகர்த்தப் போகிறவரின் கையில் 230 வோல்ட் பிடிக்கும். ஆகவே வீட்டுக்குள் நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது.

அப்படியானால் எர்த் ரொட் அடித்துவிட்டால் போதுமா? போதாது. கணக்கைப் பாருங்கள். ரொட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் தடை 100 ஓம் என்று வைப்போம். 230ஐ 100ஆல் பிரித்தால் 2.3 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. மெஷின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்ட்டும் அப்படியே நிற்கும். மன்னாரின் உலர்ந்த மணலிலும், மலையில் கல்லுப் பாறை நிலத்திலும் தடை 100 ஓமைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மாரியில் ஈரத்தோடு நன்றாக இருந்த எர்த், கோடையில் மண் காய்ந்ததும் பலவீனமாகும்.

அதனால்தான் எர்த்தோடு ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும். லைவில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே, நொடியில் பத்தில் மூன்று பங்குக்குள் வெட்டிவிடும். 30 மில்லி அம்பியர் என்பது ஒரு அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. மனிதரைக் கொல்ல ஒரு அம்பியர் தேவையில்லை. அதில் பத்தில் ஒரு பங்கே இதயத்தை நிறுத்தப் போதும்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதை விலக்கி நேரடியாகக் கொடுக்காதீர்கள். எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அது சொல்கிறது. அதன் பட்டனை மாதம் ஒரு தடவை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் ட்ரிப் சுவிட்ச்சும் காப்பாற்றாது. மெஷினைத் திறக்க முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பிளக்கையும் கவனியுங்கள். 13 அம்பியர் சதுர முள் பிளக்கில் நீளமான முள்தான் எர்த். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனா மூடியைக் குத்துகிற பழக்கத்தை விடுங்கள். இரும்பு உடம்பு உள்ள மெஷினுக்கு மூன்று வயரும் வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் உள்ள கைமெஷின்களுக்கு மட்டும் எர்த் தேவையில்லை. அவை இரட்டை உறையோடு செய்யப்பட்டவை.

எர்த் ரொட்டை ஈரமண் எட்டும் ஆழத்துக்கு அடிக்க வேண்டும். ஒன்று போதாவிட்டால், ஒரு ரொட்டின் நீளமாவது தள்ளி இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைக்கலாம். பச்சைக் களிம்பு பிடித்த பூட்டைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். இந்த வேலைகளைத் தகைமை உள்ள மின்னிணைப்பாளரிடம் கொடுங்கள். தடையை மீட்டரில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை நிற்கிறது. 2020 டிசம்பரில் திறந்தார்கள். 30 காற்றாடிகள், 100 மெகாவாட். அந்தப் பெரிய மெஷின்களை மண்ணோடு முறையாக இணைக்காமல் எந்த எஞ்சினியரும் ஓட்ட விடமாட்டார். அவற்றுக்குக் கிடைக்கிற அந்தக் கவனம் எங்கள் இஸ்தோப்பில் ஓடும் தையல் மெஷினுக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே சங்கக் கிளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒவ்வொரு லயக் காம்பராவிலும் மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள். எர்த் ரொட் இருக்கிறதா? ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமர்த்தினால் விழுகிறதா? பிளக் பொயின்டில் எர்த் வயர் உண்மையில் பூட்டியிருக்கிறதா? மூன்றாவதை மின்னிணைப்பாளரை வைத்தே பாருங்கள். லயம் தோட்டத்தின் பொறுப்பில் இருக்கும்வரை, அதன் வயரிங்கைச் சரியாக வைத்திருக்கும்படி நிர்வாகத்திடம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. பெயரும் காம்பரா இலக்கமும் போட்ட பட்டியலோடு போய்க் கேட்போம்.