கட்டணம் செலுத்தியவர் யார்? இரு ஆப்பிரிக்க நாவல்களில் இல்லறக் கணக்கு



ஆப்பிரிக்க நாவல்களைப் பெண்ணிய நோக்கில் படிக்கப் புகும் மாணவர், பலதார மணம், பரிசப்பணம், மலடி என்னும் வசை ஆகியவற்றைத் தேடிப் பட்டியலிட்டு அதோடு நின்றுவிடுவதுண்டு. பட்டியல் தவறன்று, ஆனால் அதனைக் கொண்டு மட்டும் ஒரு நாவலை நாம் படித்துவிட்டதாகச் சொல்ல இயலாது. இன்று வேறொரு வாயில் வழியே நுழைவோம். இல்லறத்தின் செலவைச் சுமந்தவர் யார்? அது எவர் பெயரில் எழுதப்பட்டது? இவ்வினாக்களோடு, 1979ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நாவல்களை அணுகுவோம்.

முதலாவது, நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெச்செட்டாவின் 'தாய்மையின் மகிழ்ச்சிகள்'. அதன் தலைப்பே ஓர் எள்ளல். ஃபுளோரா நுவாபா 1966இல் வெளியிட்ட 'எஃபுரு' நாவலின் இறுதி வரிகளிலிருந்து அதனை எமெச்செட்டா எடுத்துக்கொண்டார். கதைத்தலைவி நூ ஈகோ, இக்போ இனத்தவள். முதல் மணத்தில் பிள்ளையில்லை. லாகோஸ் நகரில் வெள்ளையர் வீட்டுத் துணி வெளுக்கும் நைஃபே அவளுடைய இரண்டாம் கணவன். சிகரெட்டும் விறகும் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். கணவன் போருக்குப் பிடித்துச் செல்லப்பட்ட காலத்தில் குடும்பப் பாரம் முழுதும் அவள் தலைமேல் விழுகிறது.

பின்னொருநாள், மகள் வேற்றினத்தானோடு சென்றுவிட்ட சினத்தில் நைஃபே கத்தியோடு பாய்ந்து, நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். சாட்சிக் கூண்டில் நூ ஈகோ. மகனின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்று கேட்கின்றனர். கணவரே என்கிறாள். துருவிக் கேட்கையில், தானே செலுத்துவதாகவும் சொல்கிறாள். வழக்குரைஞருக்கு இது முரண், அவளுக்கு முரணன்று. கணவன் தன்னை உடைமையாகக் கொண்டவன். ஆகவே தன் காசும் அவன் காசே. அவளுடைய சாட்சியம் கணவனுக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

இப்பகுதியைப் படிக்கும் சிலர் அவளைப் பேதை என்று ஒதுக்குவர். நாம் உடன்படோம். தான் வளர்ந்த மண ஒழுங்கின் விதியை அவள் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறாள். சொல்லப்படும் வரையில் அவ்விதி இயல்பாகத் தோன்றியது. உரக்கச் சொன்னபின் தான் அதன் அநீதி வெளிப்படுகிறது. கேட்டுக்கொண்டிருப்பதோ காலனிய நீதிமன்றம். அதற்கும் அவள்மீது பரிவில்லை என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது நாவல், செனகல் நாட்டு மரியாமா பா பிரெஞ்சு மொழியில் எழுதிய 'இத்தனை நீண்ட கடிதம்'. கடிதம் எழுதுபவள் ராமத்துலாய். பள்ளி ஆசிரியை, பன்னிரு பிள்ளைகளின் தாய். இஸ்லாமிய முறைப்படி, கணவனை இழந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்கும் இத்தாக் காலத்தில் தோழி ஐசத்துக்கு எழுதுகிறாள். கணவன் மோடூ ஃபால், மகளின் தோழியையே இரண்டாம் மனைவியாக்கிக்கொண்டவன்.

இங்கும் கணக்கு ஒன்று திறக்கப்படுகிறது. இறந்தவரின் உடைமைகளை வாரிசுகள்முன் வெளிப்படுத்தும் 'மிராஸ்' நாள் அது. (நம் வழக்கிலுள்ள 'மிராசு' என்னும் சொல்லும் அதே அரபு வேரினது.) இளம் மனைவிக்கு வாங்கிய வீடு, ராமத்துலாய் வாழும் வீட்டை அடகு வைத்துப் பெற்ற வங்கிக் கடனால் வந்தது என்பது அப்போது தெரியவருகிறது. அடகு வைத்த வீடோ இருவரின் சேமிப்பால் எழுந்தது. பத்திரத்தில் கணவன் பெயர் மட்டும்.

ஆக, படிப்பறியாச் சிறுவணிகப் பெண்ணும் சம்பளம் பெறும் ஆசிரியையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர். ஆயினும் அங்கிருந்து அவர்கள் செல்லும் வழி வேறு. ராமத்துலாய் தன் இழப்பை எண்ணி எழுதுகிறாள். கணவனின் அண்ணன் மணக்க வந்தபோது முகத்துக்கு நேரே மறுக்கிறாள். நூ ஈகோவுக்கு எழுத்தில்லை. அவள் சாலையோரத்தில் தனியே இறக்கிறாள். பிள்ளைகள் பெருஞ்செலவில் ஈமச்சடங்கு செய்கின்றனர்.

எமெச்செட்டா தம்மைப் பெண்ணியவாதி என அழைத்துக்கொள்ளத் தயங்கியவர்; சிறிய எழுத்தில் எழுதப்படும் பெண்ணியமே தமது என்றார். முத்திரை குறித்த அவ்விவாதம் நீண்டது. வகுப்பறையில் அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நீதிமன்றப் பகுதியையும் மிராஸ் பகுதியையும் அடுத்தடுத்து வைத்து மாணவரைப் படிக்கச் செய்யலாம். செலவு ஒவ்வொன்றுக்கும் நேரே, கொடுத்தவர் பெயரையும் கொடுத்தவராக அறியப்பட்டவர் பெயரையும் அவர்களே எழுதட்டும்.