ஓரிடப் பெரும்பான்மையும் சபாநாயகர் இருக்கையும்

நாடாளுமன்றத் தலைமை குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

சபாநாயகரின் நடுநிலையை அவரவர் குணநலனாகவே பேசிப் பழகிவிட்டோம். குணம் வேண்டும்தான். ஆனால் அந்தக் குணம் நிலைத்து நிற்க விதிகள் இடம்கொடுக்க வேண்டும். மால்டாவின் முதல் பெண் சபாநாயகர் மிரியம் ஸ்பிட்டேரி டெபோனோவின் பணிவாழ்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1996 தேர்தலில் மால்டாவின் தொழிற்கட்சி பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றது. இடங்களோ 31 தான். தேசியவாதக் கட்சிக்கு 34. வாக்கில் பெரும்பான்மை பெற்ற கட்சியே ஆள வேண்டும் என்று 1987-இல் அரசியலமைப்பைத் திருத்தியிருந்தார்கள். அதன்படி தொழிற்கட்சிக்குக் கூடுதலாக 4 இடங்கள் கிடைத்தன. அக்கட்சியின் ஆல்ஃபிரட் சான்ட் 35-க்கு 34 என்ற கணக்கில் பிரதமரானார்.

சிக்கல் இங்கேதான். அவைக்குத் தலைமை வகிப்பவர் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் மட்டும் தீர்மான வாக்கு அளிப்பார். ஆளுங்கட்சியின் 35 பேரில் ஒருவரைச் சபாநாயகராக்கினால் இரு தரப்பும் 34 ஆகிவிடும். கட்சிகள் அணிபிரிந்து வாக்களிக்கும்போதெல்லாம் அவரே அரசைக் காப்பாற்ற வேண்டிவரும். அப்படிப்பட்டவரை எதிர்க்கட்சி நடுவராக ஏற்குமா? உறுப்பினராவதற்குத் தகுதியுள்ள வெளியாரையும் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது மால்டாவின் அரசியலமைப்பு. கோசோ தீவில் பிறந்தவரும் நோட்டரியுமான ஸ்பிட்டேரி டெபோனோ அந்த வழியில்தான் இருக்கைக்கு வந்தார். அவரும் தொழிற்கட்சிக்காரர்தான். ஆனால் அரசின் அன்றாடப் பெரும்பான்மை அவர் கையை நம்பியிருக்கவில்லை.

1998 ஜூலையில் கொட்டோனேரா கடற்கரை மேம்பாட்டுத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்னாள் பிரதமரும் தொழிற்கட்சியின் மூத்த தலைவருமான டோம் மின்டோஃப், சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார். 35-34 தலைகீழானது. வாக்குகள் சமமாகாததால் தீர்மான வாக்குக்கு வேலையே இல்லை. அரசின் தோல்வியை அவையே முடிவு செய்தது. அதையடுத்து வந்த செப்டம்பர் தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. ஸ்பிட்டேரி டெபோனோவின் பதவிக்காலமும் இரண்டு ஆண்டுகள் நிறையும் முன்பே முடிந்தது.

குறுகிய காலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2024-இல் அதே நாடாளுமன்றம் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. புதிய விதிப்படி அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 79 இடங்களில் ஆளுங்கட்சிக்கு இருந்தவை 44; எதிர்க்கட்சி இசையாமல் அது கைகூடியிருக்காது. சபாநாயகராக ஆற்றிய பணி மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. எனினும், நெருக்கடி மிகுந்த ஓர் அவையை நடத்தியவரை இரு தரப்பும் பின்னாளில் ஏற்றுக்கொண்டது ஆய்வுக்குரிய செய்தி.

இக்கருத்தரங்கின் அமர்வுகள் மூன்று கேள்விகளை ஆராய வேண்டும் என விழைகிறேன். வெளியிலிருந்து வரும் சபாநாயகருக்கு உறுப்பினர்களிடம் மதிப்பு எப்படி உருவாகிறது? தீர்மான வாக்கை எந்த மரபு நெறிப்படுத்த வேண்டும்? ஆட்சியோடு பதவியும் போகும் நிலையில் நடுநிலைக்கு என்ன பாதுகாப்பு?

நல்லவர் ஒருவர் கிடைப்பார் என்று காத்திருக்கும் நாடாளுமன்றம் தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. நேர்மையாக நடப்பவருக்குத் துணைநிற்கும் விதிகளை வகுப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கு உங்கள் ஆய்வுகள் உதவட்டும் என வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.