அந்நாட்களிலும் பள்ளி உண்டு

நம் இல்லங்களில் ஒரு பெண் பருவமடைந்தால், பந்தலிட்டு, மஞ்சள் நீராட்டி, மாமன் சீருடன் ஊரறியக் கொண்டாடுகிறோம். ஆயினும் தன் உடலில் நேர்ந்தது யாது என்பதை அவளுக்கு எடுத்துரைப்பவர் சிலரே. 'தூரம்', 'விலக்கு', 'தீட்டு' என்று நாம் வழங்கும் சொற்கள் அவளை ஒதுக்குவனவேயன்றி, விளக்கம் தருவன அல்ல.

சொந்த ஊரிலாவது பாட்டியும் அத்தையும் அருகிலிருந்து ஓரளவு சொல்லிக் கொடுப்பர். போபாலிலோ நாகபுரியிலோ வாழும் நம் குடும்பங்களுக்கு அத்துணையும் இல்லை. பள்ளி ஆசிரியை பேசுவதோ வேற்று மொழி. கூச்சமுற்ற சிறுமி அவரிடம் வாய் திறவாள். ஆடையில் கறை படுமோ என அஞ்சி மாதம் மூன்று நாள் வீட்டில் தங்கினால், பத்து மாதப் பள்ளியாண்டில் முப்பது நாட்கள் போய்விடுகின்றன. அவ்விதம் விட்ட பாடத்தைப் பின்னர் எட்டிப் பிடித்தல் எளிதன்று.

பொருளால் வந்த தடை முன்னிலும் குறைந்துள்ளது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், மலிவாக நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை அமைத்து, 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்வியந்திரத்தைக் கொண்டு உத்தரப் பிரதேசத்து ஹாப்பூர் மாவட்டச் சிற்றூர்ப் பெண்கள் தொழில் தொடங்கிய வரலாற்றைக் கூறும் குறும்படம் 2019-இல் ஆஸ்கார் விருது பெற்றது. 2018 ஜூலையில் நாப்கின் மீதான வரி நீக்கப்பட்டது. ஜன் ஔஷதி மருந்தகங்களில் விற்கும் 'சுவிதா' நாப்கினின் விலை, 2019-இல் ஒன்றுக்கு ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. துணியைப் பயன்படுத்துவதிலும் குற்றமில்லை. சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். பிறர் கண்ணுக்கு மறைத்து ஈரத்துடன் வைப்பதே கேடு.

ஆனால், துணை என்பது கடையில் கிடைப்பதன்று. அதனை நாமே அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் ஒரு செவிலியர், ஓர் ஆசிரியை, ஒரு கல்லூரி மாணவி எனச் சிலர் முன்வந்து, ஆளுக்கு இரண்டு மூன்று சிறுமியர்க்கு அக்காவாக அமையலாம். பத்து வயது நிறையும்போதே, வரவிருப்பதைத் தாய்மொழியில் சொல்லி வைத்தால் அச்சம் பாதி அகலும். தாங்கவொண்ணா வலியோ மிகுந்த உதிரப்போக்கோ இருப்பின், வீட்டில் முடக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். தலைமையாசிரியையைக் கண்டு, கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகிய மூன்றும் உளவா எனக் கேட்கலாம். தந்தையரும் தயங்காமல் நாப்கின் வாங்கி வரலாம்.

உங்கள் சங்கம் அடுத்த முறை கூடும்போது, விழாக் கணக்குடன் இதனையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள்.