மாட்டு ஈயா? கண்ணைப் பாருங்கள்

பிச்சாவரம் பக்கம் மேய்கிற எருமை திடீரென வாலைச் சுழற்றுகிறது. முதுகில் பெரிய ஈ. கடித்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம். அதுதான் மாட்டு ஈ.

இதில் உலகெங்கும் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒட்டியிருந்தால் ஆண். நடுவே இடைவெளி இருந்தால் பெண். கடிப்பது பெண் மட்டுமே. ஆணுக்குப் பூந்தேன் போதும்.

அடுத்து இறக்கை. கரும்பட்டை இருந்தால் பெரும்பாலும் கிரைசாப்ஸ் என்ற பேரினம். சாம்பல் நிறத்தில் புள்ளிகள் இறைந்து, உட்காரும்போது ஓட்டுக்கூரை போலச் சரிந்திருந்தால் ஹீமடோபோட்டா. பட்டையோ புள்ளியோ இல்லாத பெரிய ஈ பெரும்பாலும் டபேனஸ்.

மறுபடியும் சொல்கிறோம், கண்ணைப் பாருங்கள். அதில் மின்னும் வண்ணப் பட்டைகள் ஈ செத்ததும் மங்கிவிடும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

இது வெறும் வேடிக்கை அல்ல. மாடு, குதிரை, ஒட்டகத்தைத் தாக்கும் சர்ரா நோயை இந்த ஈக்கள் பரப்புகின்றன. அந்த நோயின் கிருமியை 1880இல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில்தான் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ் கண்டறிந்தார்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது. படத்தோடு இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு போய், என்ன இனம் என்று கேளுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் அது சர்ராவாக இருக்கலாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.