காவலற்ற பாதை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு விவசாயி, கண்மாய் நிறைந்ததும் கரையில் நண்டு வளை இருக்கிறதா என்று தேடுவார். சிறு துளை வழியாகவே ஊரின் விளைச்சல் போய்விடும் என்பதை அவர் அறிவார்.

1942 ஜனவரி 7ஆம் நாள். மலேயாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ஆற்றுப் பகுதியை 11ஆம் இந்திய டிவிஷன் காத்து நின்றது. வாரக்கணக்கில் பின்வாங்கிக் களைத்திருந்த வீரர்கள் நெடுஞ்சாலையில் தடைகளை அமைத்திருந்தனர். ஆனால் சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகள் அருகிலேயே கிடந்தன. விடியுமுன் வந்த ஜப்பானிய டாங்கிகள் அவற்றின் வழியே தடைகளைச் சுற்றிக் கடந்தன. தொடர்பு அறுந்ததால், பின்னால் இருந்த படைகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வெடிகள் பொருத்தப்பட்டிருந்தன. வதனபே என்னும் ஜப்பானிய அதிகாரி இறங்கி, அவற்றின் கம்பிகளை வாளால் அறுத்தார். பாலம் முழுமையாகப் பகைவர் கைக்குச் சென்றது. ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

ஒரு பாலத்தால் மட்டும் மலேயா வீழ்ந்துவிடவில்லை. ஆயினும் அந்த வீழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்களைப் பாருங்கள். அந்தப் பாலத்தைக் கண்டே இராத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மடிந்தனர்.

ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரிலும் இதே பாடம்தான். இடத்தை விட்டு அகலக் கூடாது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஐம்பது வில்வீரர்களை ஒரு குன்றில் நிறுத்தினார்கள். வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கினர். பகைவரின் குதிரைப்படை பின்புறமாகப் பாய்ந்தது. எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள்.

அன்பர்களே! மது, சூது என்னும் பெரிய சாலைகளில் நாம் தடை போட்டுவிட்டோம். கைக்கூலி என்னும் பழைய வளைவுப் பாதை திறந்தல்லவா கிடக்கிறது! நம் மகனின் நிக்காஹுக்கு நாம் கேட்கும் தொகைக்காகப் பெண்ணின் தந்தை வட்டிக்காரரின் படியேறுகிறார். அந்த வட்டியைப் பல்லாண்டு சுமப்பவர்கள், நாம் முகம் பார்த்திராத அவருடைய இளைய பிள்ளைகள். காவல் தவறியவர் நாம். விலை கொடுப்பவர் அவர்கள். மறுமையில் இதற்கு என்ன பதில் சொல்வோம்?

ஆகவே இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்தின் எந்தப் பாதை காவலற்றுக் கிடக்கிறது என்று பாருங்கள். வாங்கிய தொகை இருப்பின் திருப்பிக் கொடுங்கள். வாங்க எண்ணியிருந்தால் கைவிடுங்கள்.

யா அல்லாஹ்! நீ ஒப்படைத்த அமானிதத்தைக் காக்கும் விழிப்பை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.