என்ன செய்யுது, பிள்ளை?



எங்கள் ஊரில் கவலைக்குப் பெயர் ‘யோசினை’. படபடப்பு, நித்திரையின்மை என்று கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம் “யோசிக்காதேங்கோ” என்று பல வருடங்கள் சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு தாய் கேட்டார்: “2009இலிருந்து மகனைத் தேடுறன். யோசிக்காமல் எப்பிடி இருக்கிறது, டொக்டர்?” என் ஆறுதல் அவர் வாயை அடைத்திருக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது.

உணர்வைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் இயக்கம் தணிவதை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த மருந்தை நான் இங்கேயே பெற்றிருக்கிறேன். வகுப்பில் அழுதால் எங்கள் ஆசிரியை “அழாதே” என்று சொல்லமாட்டார், பக்கத்தில் இருந்து, “என்ன செய்யுது, பிள்ளை?” என்பார்.

இப்போது நானும் அப்படியே கேட்கிறேன். நீங்களும் வீட்டில் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.